திவலையின் அளவு: மீயொலி நெபுலைசர் வளர்ந்த வரலாறு

மூச்சிரைப்போடு மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்ற பிள்ளையுடன் வீடு திரும்பும் தாய், "ஆவி வச்சாங்க, இப்போ பரவாயில்லை" என்பார். சிலர் "புகை வச்சாங்க" என்பார்கள். இரண்டும் நம் வீட்டு அனுபவத்திலிருந்து வந்த சொற்கள். கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் போர்வையைப் போர்த்திக்கொண்டு ஆவி பிடித்தவர்கள் நாம். நொச்சிப் புகையும் சாம்பிராணிப் புகையும் அறிந்தவர்கள். ஆனால் நெபுலைசரின் முகமூடிக்குள் வருவது ஆவியும் அல்ல, புகையும் அல்ல. உப்புக் கரைசலைக் கொதிக்கவைத்தால் நீர்தான் ஆவியாகும்; உப்பு பாத்திரத்திலேயே தங்கிவிடும். இளைப்புக்குத் தரும் பெரும்பாலான மருந்துகளின் கதியும் அதுதான். புகைக்கோ நெருப்பு வேண்டும். நெருப்பு மருந்தைச் சிதைத்துவிடும். முகமூடிக்குள் வருவது திவலை. மருந்தைத் தன்னுள் கரைத்து வைத்திருக்கும், தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளி.

அந்தத் திவலையை மீயொலியின், அதாவது காதுக்குக் கேட்காத ஒலியின், அதிர்வால் உண்டாக்கும் கருவி எப்படி உருவானது, எங்கே வென்றது, எங்கே தோற்றது என்பதை இக்கட்டுரை தேடுகிறது. காற்றழுத்த நெபுலைசர் முதலில் வந்தது, மீயொலி நெபுலைசர் அதன் இடத்தைப் பிடிக்கப் பார்த்து முடியாமல் போனது, பின்னர் துளையிட்ட தகட்டை வைத்த மெஷ் நெபுலைசர் வந்து இரண்டையும் ஓரம் தள்ளியது என்று மூன்று படிகளாக இந்த வரலாறு பொதுவாகச் சொல்லப்படுகிறது. இந்தச் சித்திரம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. மீயொலிக் கருவி தொடக்கம் முதலே ஒரே வேலையைத் திறமையாகச் செய்தது: ஊற்றிய திரவத்தை நுரையீரலின் ஆழத்துக்குப் போகும் அளவில் நுணுக்கித் தந்தது. எதை ஊற்றலாம், எதை ஊற்றக்கூடாது என்பதைக் கற்றுக்கொள்ளத்தான் மருத்துவத்துக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

ஒலிக்கு முன்

மருந்தை மூச்சின் வழியே செலுத்தும் எண்ணம் பழையது. இங்கிலாந்தின் பிளிமத் நகர மருத்துவர் ஜான் மட்ஜ் 1778இல் ஈயக்கலவைக் குவளை ஒன்றின் மூடியில் குழாய் பொருத்தி, இருமலுக்கு வெந்நீர் ஆவி இழுக்கும் கருவியை விவரித்து நூல் எழுதினார். 'இன்ஹேலர்' என்ற சொல் அவர் தந்தது. அடுத்த கால் நூற்றாண்டுக்குள் சென்னை இந்த வரலாற்றில் நுழைகிறது. மதராஸில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், இங்கே இளைப்புக்கு ஊமத்தையைப் புகைத்து வந்த வழக்கத்தை ஜெனரல் ஜென்ட் என்பவருக்குப் பரிந்துரைத்தார். ஜென்ட் 1802இல் அதைப் பிரிட்டனுக்குக் கொண்டு சென்றார். மேலை நாடுகளில் நூறு ஆண்டுகளுக்கும் மேல் விற்பனையான ஆஸ்துமா சிகரெட்டுகளின் வேர் நம் ஊர் ஊமத்தைச் செடியில் இருக்கிறது. ஊமத்தையில் உள்ள அட்ரோபின் வகைப் பொருள்கள் மூச்சுக்குழலைத் தளர்த்துபவை. அந்தக் குடும்பத்தின் பாதுகாப்பான வாரிசான இப்ராட்ரோபியம் இன்றும் நெபுலைசரில் ஊற்றப்படுகிறது.

நீரைச் சூடாக்காமலே திவலையாக உடைப்பது பிரான்சின் மருத்துவ நீரூற்று ஊர்களில் தொடங்கியது. 1849இல் ஓஃபான் என்ற மருத்துவர், தாதுநீரைச் சுவரில் பீய்ச்சி உடைத்து, நோயாளிகளை அந்த அறையில் உட்காரவைத்துச் சுவாசிக்கச் செய்தார். பியர்ஃபோன் என்ற ஊரின் சால்-ஜிரோன் அந்த அறையையே கையில் எடுத்துச் செல்லும் பம்பாகச் சுருக்கினார். 1858இல் பாரிஸில் அவருக்குப் பாராட்டு கிடைத்தது. திவலைகள் நுரையீரல் வரைக்கும் போகின்றனவா, தொண்டையிலேயே நின்றுவிடுகின்றனவா என்ற சர்ச்சை உடனே எழுந்தது. துளியின் அளவை அளக்க வழியில்லாத காலத்தில் அதற்கு முடிவான விடை காண முடியவில்லை.

விடையின் முதல் உறுதியான வடிவம் 1935இல் வந்தது. ஜெர்மானிய விஞ்ஞானி வால்டர் ஃபிண்டைசன், எந்த அளவுத் துகள் மூச்சுப்பாதையின் எந்தக் கிளையில் படியும் என்று கணக்கிட்டுக் காட்டினார். பின்வந்த ஆய்வுகள் திருத்திய வடிவில் சொன்னால், 10 மைக்ரானுக்கு மேற்பட்ட துளி பெரும்பாலும் வாயிலும் தொண்டையிலும் மோதி நிற்கும். 1 முதல் 5 மைக்ரான் வரையுள்ளது கீழ் மூச்சுக்குழல்களுக்கு இறங்கும். தலைமயிரின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்பதை நினைத்துக்கொண்டால், கேட்கப்படும் நுணுக்கம் புரியும்.

அக்காலத்தில் கையில் இருந்தது காற்றழுத்த முறைதான். ரப்பர்க் குமிழை அழுத்தியோ, பின்னர் கம்ப்ரஸர் வைத்தோ, வேகமான காற்றைச் சிறு துளை வழியே செலுத்தினால் அது மருந்தை உறிஞ்சி உடைக்கும். அட்ரினலினை இப்படிச் சுவாசிக்கத் தருவது 1929 அளவில் பரவியது. கருவி இரைந்தது, திவலையின் அளவு ஒரே சீராக இல்லை. ஆயினும் விலை குறைவு, பழுது குறைவு. இன்றும் நம் மருத்துவமனைகளில் பெரும்பாலும் ஓடுவது அதுவே.

டூலோனில் செத்த மீன்கள்

மீயொலி நெபுலைசரின் வம்சாவளியில் முதல் பல கிளைகளில் மருத்துவர் எவரும் இல்லை. 1880இல் பாரிஸில் ஜாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் குவார்ட்ஸ் போன்ற படிகங்களை அழுத்தினால் அவற்றின் பரப்பில் மின்னேற்றம் தோன்றுவதைக் கண்டார்கள். மறுதலையாக, மின்சாரம் கொடுத்தால் படிகம் சுருங்கி விரியவேண்டும் என்று அடுத்த ஆண்டு கேப்ரியல் லிப்மன் கணிதவழி சொன்னார். கியூரி சகோதரர்கள் அதையும் சோதித்து உறுதிசெய்தார்கள்.

முதல் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் நேச நாட்டுக் கப்பல்களை மூழ்கடித்தபோது, பியர் கியூரியின் மாணவர் பால் லான்ஜவன் இந்தப் படிகத்தைக் கடலுக்குள் இறக்கினார். பிரான்சின் டூலோன் கடற்படைத் தளத்தில் 1917இல் அவர் செய்த சோதனைகளில், காதுக்குக் கேட்காத ஒலி கடலில் பாய்ந்து எதிரொலித்துத் திரும்பியது. அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் அங்கே வந்திருந்தார். ஒலிக்கற்றையின் குறுக்கே வந்த சிறு மீன்கள் செத்து மிதந்ததையும், தொட்டியில் கையை நுழைத்தவர்களுக்கு எலும்பில் வலி எடுத்ததையும் அவர் மறக்கவில்லை.

பத்து ஆண்டுகள் கழித்து, நியூயார்க் அருகே டக்ஸிடோ பார்க்கில், செல்வந்தரும் ஆய்வாளருமான ஆல்ஃபிரட் லூமிஸின் சொந்த ஆய்வகத்தில் வுட் அந்த வியப்பைத் தொடர்ந்தார். எண்ணெய்த் தொட்டியின் அடியில் குவார்ட்ஸ் தகட்டை வைத்து 50,000 வோல்ட் வரை மின்னழுத்தம் கொடுத்தார்கள். எண்ணெய் மேடாக எழும்பி, அதன் உச்சியிலிருந்து துளிகள் தெறித்தன. குடுவையில் திரவத்தை வைத்து அந்த எண்ணெயில் நனைத்தால் குடுவைக்குள் மூடுபனி கிளம்பியது. மெல்லிய கண்ணாடி இழை ஒன்றை அதில் தோய்த்து மறுமுனையை விரல்களால் பிடித்தால், இழை சுடவில்லை, விரல் சுட்டது. தோலில் தழும்பு விழுந்தது. 1927இல் வெளியான அவர்களின் கட்டுரை மீயொலி இயலின் அடிப்படை ஆவணம். மீயொலியால் மூடுபனி உண்டாகும் என்ற செய்தி அதிலேயே இருக்கிறது.

அப்படியென்றால் மருத்துவமனைக்கு வர 1960கள் வரை ஏன் காத்திருந்தது? மருத்துவர்களின் கவனக்குறைவே காரணம் என்று எழுதிவிடுவது எளிது. எனக்குப் படுவது வேறு. ஒரு குவளைத் திரவத்தைப் பனியாக்க ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரமும் ஓர் அறை நிறைந்த வால்வுகளும் வேண்டும் என்றால், அதை எந்த நோயாளியின் கட்டிலருகே வைப்பது? தடை படிகத்தில் இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பேரியம் டைட்டனேட் என்ற பீங்கான் கண்டறியப்பட்டது. 1950களின் தொடக்கத்தில் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஈய சிர்கோனேட் டைட்டனேட் கலவையை ஆராய்ந்தார்கள். 1954இல் அமெரிக்க தேசியத் தரநிலை அமைப்பில் பெர்னார்ட் ஜாஃபேயும் உடன் பணியாற்றியவர்களும் அதன் வலுவான அழுத்தமின் பண்பை வெளிக்கொணர்ந்தார்கள். இந்தப் பீங்கானை நாணயம்போல் வட்டமாகச் சுட்டு எடுக்கலாம், குறைந்த மின்னழுத்தத்திலேயே அதிரும், விலையும் சொற்பம். கருவி மேசைமேல் ஏறியது இந்தப் பீங்கான் வில்லையால்தான்.

சிற்றலையின் கணக்கு

மீயொலி நெபுலைசர் ஒன்றின் மூடியை எடுத்துவிட்டு ஓடவிட்டுப் பார்த்தால் உள்ளே நடப்பது தெரியும். அடியில் பீங்கான் வில்லை. அதன்மேல் ஒலியைக் கடத்தும் நீர். அதில் மெல்லிய அடித்தோல் கொண்ட மருந்துக் கிண்ணம். விசையைப் போட்டதும் கிண்ணத்தின் நடுவில் மருந்து புடைத்து எழுகிறது. பின் கூம்பாகி, விரல் உயரத்துக்குச் சின்ன நீரூற்றாகத் துள்ளுகிறது. அந்த ஊற்றின் தோலிலிருந்து வெண்பனி உரிந்து உரிந்து விழுகிறது. பெரிய துளிகள் சுவரில் மோதிக் கிண்ணத்துக்கே திரும்புகின்றன. நுண்ணியவை மிதக்கின்றன, சிறு விசிறியோ நோயாளியின் மூச்சோ அவற்றைக் குழாய்க்குள் கொண்டுபோகிறது. காற்றழுத்தக் கருவியின் இரைச்சல் இல்லை. தூங்கும் குழந்தையின் பக்கத்தில் வைக்கலாம் என்பதே அந்நாளில் பெரிய ஈர்ப்பு.

பனி உரிவது எப்படி? 1831இல் ஃபாரடே, அதிரும் தகட்டின் மேல் உள்ள திரவத்தில் எழும் சிற்றலைகள், தகட்டின் அதிர்வெண்ணில் பாதி அதிர்வெண் கொண்டிருப்பதைக் கண்டிருந்தார். 1962இல் ராபர்ட் லாங் நீர், எண்ணெய், உருக்கிய மெழுகு ஆகியவற்றை மீயொலியால் சிதறடித்தார். மெழுகுத் துளிகள் காற்றிலேயே உறைந்து மணிமணியாக விழுந்ததால் அவற்றைச் சாவகாசமாக அளக்க முடிந்தது. துளியின் விட்டம் சிற்றலையின் அலைநீளத்தில் 0.34 பங்கு என்று அவர் கண்டார். நீரூற்றுக்குள் நுண்குமிழிகள் வெடிப்பதே காரணம் என்று 1936இல் சோல்னர் வேறொரு விளக்கம் தந்திருந்தார். இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன என்ற கருத்து பின்னர் வலுப்பெற்றது.

லாங்கின் சூத்திரத்தில் நீரின் பரப்பு இழுவிசையைப் போட்டுக் கணக்கிட்டால், 100 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் துளி சுமார் 19 மைக்ரான். 1 மெகாஹெர்ட்ஸில் சுமார் 4 மைக்ரான். 1.7 மெகாஹெர்ட்ஸில் சுமார் 3 மைக்ரான். நீர்மூழ்கியைத் தேடிய அதிர்வெண்கள் தொண்டையோடு நின்றுபோகும் துளிகளைத் தருபவை; நுரையீரலுக்கு ஏறக்குறைய 1 மெகாஹெர்ட்ஸைத் தாண்டவேண்டும். 1858இல் பாரிஸில் எழுந்த கேள்விக்கு இப்போது எண்ணாலேயே விடை சொல்லலாம், அந்த எண்ணுக்கேற்பக் கருவியையும் கட்டலாம்.

மருத்துவமனைக்குள்

1960களின் நடுவில் அமெரிக்க மருத்துவமனைகளில் மீயொலி நெபுலைசர்கள் நுழைந்தன. காற்றழுத்தக் கருவி நிமிடத்துக்குக் கால் மி.லி. அளவே பனியாக்க, இவை நிமிடத்துக்குச் சில மி.லி. தந்தன. இந்த மிகுதியே முதல் தவறான பாதைக்கு இட்டுச் சென்றது. மருந்தைவிட வெறும் நீரைப் பனியாக்கவே இவற்றை அதிகம் பயன்படுத்தினார்கள். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பிறவி நோயில் சளி பிசின்போல் இறுகிவிடும். அதை இளக்கும் நம்பிக்கையில் குழந்தைகளை இரவு முழுதும் பனிக்கூடாரத்துக்குள் தூங்கவைத்தார்கள். நனைந்த படுக்கையும் நனைந்த தலையுமாக எத்தனையோ பிள்ளைகள் விடியலைக் கண்டிருப்பார்கள். சளியை இளக்கும் அளவுக்கு நீர் உள்ளே போவதில்லை, நுரையீரலின் செயல்பாடு மேம்படவும் இல்லை என்று 1970களின் ஆய்வுகள் காட்டிய பிறகு கூடாரங்கள் மடித்து வைக்கப்பட்டன.

பயனற்றுப் போனதோடு நிற்கவில்லை. 1968இல் சீனி, பட்லர் என்ற இரு ஆய்வாளர்கள், மீயொலிப் பனியைச் சுவாசித்தவர்களின் மூச்சுக்குழல் இறுகுவதை அளந்து காட்டினார்கள். காய்ச்சி வடித்த நீரில் உப்பு இல்லை. நுரையீரலின் ஈரத்தில் உப்பு உண்டு. அந்த வேறுபாடே ஆஸ்துமாக்காரரின் குழலைச் சீண்டப் போதும். அதே ஆண்டில், மீயொலி நெபுலைசர்களின் வழியே ஒரு மருத்துவமனையில் செராஷியா என்ற பாக்டீரியா பரவிய அறிக்கை வெளியானது. கிண்ணத்து நீரில் வளர்ந்த கிருமி, மருந்துக்கென்று கணக்கிட்ட அதே நுண்திவலைகளில் ஏறி அதே ஆழத்துக்குப் போனது. கருவி மருந்து என்றும் கிருமி என்றும் பேதம் பார்ப்பதில்லை.

இந்த உண்மையின் மிகக் கொடிய சாட்சி தென் கொரியாவில் இருக்கிறது. அங்கே குளிர்காலத்தில் வீட்டுக்கு வீடு ஈரப்பதமூட்டி ஓடும். அவற்றில் பல மீயொலி வகை. தொட்டியில் பாசி பிடிக்காமலிருக்க நீரில் கலக்கும் கிருமிநாசினிகள் 1994 முதல் கடைகளில் விற்கப்பட்டன. 2011இல் சியோலில் கர்ப்பிணிகளும் பிரசவித்த பெண்களும் காரணம் தெரியாத நுரையீரல் சிதைவுடன் மருத்துவமனைக்கு வந்து இறந்தபோதுதான் விசாரணை தொடங்கியது. கைபட்டால் பெரிய தீங்கு செய்யாத வேதிப்பொருள், திவலையாகி நுரையீரலில் படிந்தபோது உயிரைக் குடித்தது. அந்த ஆண்டின் இறுதியில் பொருள்கள் திரும்பப் பெறப்பட்டன. பின்னர் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டவர்களாக அரசால் ஏற்கப்பட்டார்கள். மூடுபனிக் கருவிகளின் வரலாற்றை எழுதும் எவரும் இந்தச் சாவுகளைத் தாண்டிப் போகக்கூடாது.

மூச்சுக்குழலைச் சீண்டும் குணம் பின்னர் நோயறியும் கருவியாக மாறியது. இத்தாலியின் அலெக்ராவும் பியாங்கோவும் 1980இல், வடிநீர்ப் பனியைச் சிறிது சிறிதாகத் தந்து குழலின் இறுக்கத்தை அளக்கும் சோதனையை வெளியிட்டார்கள். சிட்னியில் சாண்ட்ரா ஆண்டர்சன் 4.5 சதவீத உப்புக் கரைசலை வைத்து அதே வழியை வளர்த்தார். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1992இல், சளி துப்ப வராத ஆஸ்துமா நோயாளிகளுக்கு உப்புப் பனியைத் தந்து சளியை வரவழைத்துச் செல்களை எண்ணும் முறை நிலைபெற்றது. இத்தகைய சோதனைகளுக்குச் சிறிது நேரத்தில் நிறையப் பனி தேவை. மீயொலிக் கருவி மருந்து தருவதில் இடம் தேடித் தடுமாறிய காலத்தில், சோதனைக்கூடத்தில் அதற்கு நிலையான இடம் கிடைத்துவிட்டது.

ஒவ்வாத மருந்துகள்

மருந்து தருவதில் தடுமாறியதற்கு இரண்டு காரணங்கள், இரண்டும் இயற்பியலில் இருந்து வந்தவை. முதலாவது வெப்பம். காற்றழுத்தக் கருவியில் கரைசல் குளிரும். மீயொலிக் கருவியில் ஓடும் நேரத்துக்குள் 10 முதல் 15 டிகிரி வரை சூடேறும். இளைப்பு மருந்தான சால்பியூட்டமால் போன்ற சிறு மூலக்கூறுகளுக்கு இதனால் கேடில்லை. புரத மருந்துக்கு ஆகாது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் சளியை அறுக்கும் டார்னேஸ் ஆல்ஃபா என்ற நொதி 1993 இறுதியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது, பனிக்கூடாரத்தால் ஆகாததை ஒரு மருந்து செய்துகாட்டியது. ஆனால் அந்த மருந்துக்கே மீயொலிக் கருவி உகந்ததில்லை.

இரண்டாவது, கரையாத மருந்து. இளைப்புக்குத் தரும் பியூடசோனைட் நீரில் கரைவதில்லை. நுண்துகளாக மிதக்கும் கலங்கல் அது. நீரூற்றின் தோலிலிருந்து உரியும் திவலை நீரை எடுத்துக்கொண்டு துகளை விட்டுவிடுகிறது. முகமூடியில் பனி நிறைந்திருக்கும், பிள்ளையும் கால் மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்திருக்கும். மருந்தின் பெரும்பகுதி கிண்ணத்தில் கிடக்கும். பனியைப் பார்த்து மருந்து போய்ச்சேர்ந்ததாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

ஒத்துப்போகும் மருந்து கிடைத்தபோது கருவி பழுதின்றி வேலை செய்தது. நுரையீரல் தமனி இரத்த அழுத்த நோய்க்கான ட்ரெப்ரோஸ்டினில் நீரில் கரையும் சிறு மூலக்கூறு. 2009 ஜூலையில் அமெரிக்காவில் அது உள்ளிழுக்கும் மருந்தாக அனுமதி பெற்றது ஒரு மீயொலிக் கருவியுடன் சேர்த்துத்தான். அப்போதைய இலக்கு அளவு ஒரு வேளைக்கு ஒன்பது மூச்சு, 54 மைக்ரோகிராம், நாளுக்கு நான்கு வேளை. மூச்சுக்கு இத்தனை என்று எண்ணித் தரவேண்டிய மருந்துக்கு, நொடிக்கணக்கில் நிறுத்தவும் ஓட்டவும் முடிகிற மின்கருவி பொருந்தியது. மீயொலி முறை வழக்கொழிந்துவிட்டது என்று எழுதுபவர்கள் இந்த உதாரணத்தைப் பார்க்கத் தவறுகிறார்கள்.

துளையிட்ட தகடு

வெப்பத்துக்கும் கலங்கலுக்கும் ஒரே மாற்று 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் வந்தது: ஒலியால் திரவத்தை நீரூற்றாக எழுப்பாமல், அதிர்வைக் கொண்டு துளைத்தகட்டின் வழியே மருந்தைத் தள்ளும் மெஷ் முறை. ஜப்பானின் ஓம்ரான், அமெரிக்காவில் தொடங்கிய ஏரோஜென், ஜெர்மனியின் பாரி ஆகிய நிறுவனங்கள் தத்தம் வழியில் இதைச் செய்தன. ஏரோஜென் தகட்டில் கூம்பு வடிவான ஏறத்தாழ ஆயிரம் துளைகள். அது 128 கிலோஹெர்ட்ஸில் அதிர்ந்து ஒவ்வோர் அதிர்விலும் மருந்தைத் துளை வழியே தள்ளுகிறது. இவ்வளவு குறைந்த அதிர்வெண்ணில் சிற்றலை முறைப்படி பதினைந்து மைக்ரானுக்கு மேற்பட்ட துளிகளே வந்திருக்கும். இங்கே துளியின் அளவை நிர்ணயிப்பது அலைநீளம் அல்ல, துளையின் வாய். ஆற்றல் குறைவு என்பதால் கரைசல் சூடேறுவதில்லை. கிண்ணத்தில் மிச்சமும் கொஞ்சம்தான். கொழுப்புக் கூடுகளில் அடைத்த அமிக்காசின் மருந்து 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது அதற்குரிய கருவி இந்த வகையே. பழைய மீயொலிக் கிண்ணத்தில் அந்தக் கூடுகள் உடைந்துபோகக்கூடியவை.

மெஷ்ஷை மீயொலியின் எதிரி என்று நிறுத்துவது தவறு. அதிர்வது அதே பீங்கான், அதை இயக்குவது கியூரி சகோதரர்கள் கண்ட அதே விளைவு. அதிர்வை எங்கே செலுத்துவது என்பது மட்டுமே மாறியிருக்கிறது. தகட்டுக்கும் தன் குறை உண்டு: சரியாகக் கழுவாவிட்டால் துளைகள் அடைத்துக்கொள்ளும், மாற்றுத் தகட்டின் விலை நம் வீடுகளுக்குக் கனம். அதனால்தான் மலிவான கம்ப்ரஸர் இன்னும் ஓய்வு பெறவில்லை.

இன்று உள்ளங்கையில் அடங்கும் நெபுலைசர்களை இணையத்தில் பார்த்து வாங்குகிறோம். வாங்கியவர்கள் அது எந்த வகை என்று பெட்டியில் பாருங்கள். கிண்ணத்தின் அடியிலிருந்து அதிரும் மீயொலி வகையானால் பியூடசோனைட் போன்ற கலங்கல் மருந்தை அதில் ஊற்றாதீர்கள். மருத்துவரிடம் கருவியையே எடுத்துச் சென்று காட்டிக் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் மிச்சத்தைக் கொட்டி, கிண்ணத்தைக் கழுவி உலர்த்துங்கள். மருத்துவர் எழுதித் தராத எதையும், குழாய்த் தண்ணீரானாலும் கிருமிநாசினியானாலும் தைலமானாலும், அந்தக் கிண்ணத்தில் விடாதீர்கள்.